ரேஷன் கார்டில் மூன்று பேர்

சம்பளத்துக்கும் பிடித்த வருமான வரிக்கும் அலுவலகம் தரும் ஃபார்ம் 16 வந்துவிட்டது. 2025-26-க்கு என் சம்பளம் 15 லட்சம். புதிய வருமான வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 14.25 லட்சம். செஸ்ஸோடு சேர்த்து வரி 97,500 ரூபாய்.

மாடி வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஏழரை லட்சம் வாங்குகிறார்கள். அங்கேயும் வருவது அதே 15 லட்சம்தான். ஆனால் 12 லட்சம் வரை வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவில் வரித் தள்ளுபடி இருப்பதால் இருவருக்கும் வரியே இல்லை. எதிர் வீட்டு அண்ணனுக்கும் என் சம்பளம்தான், என் வரிதான். அண்ணி வேலைக்குப் போகவில்லை. அமெரிக்காவில் இருப்பது போலக் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்ட இங்கேயும் விட வேண்டும் என்கிறார் அவர்.

அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் வருமானத்தை இரண்டாகப் பிரித்து வரி போட்டால் அவருடைய 97,500 பூஜ்யமாகிவிடும், என்னுடையது அப்படியே நிற்கும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக நான் தனி ஆள் இல்லை. அம்மாவுக்கு 74 வயது. அத்தைக்கு 78, மாமா போனபிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மாத்திரை டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அத்தைக்கு ஒரு மாத்திரை பாதிதான். கத்தி வைத்தால் தூளாகிவிடுகிறது. நடுக்கோட்டில் நகத்தை அழுத்தி உடைக்க வேண்டும். ஏழு நாளுக்கு நாலு மாத்திரை. மிஞ்சும் பாதியை அட்டையிலேயே சுருட்டி வைப்பேன்.

பழைய முறையில் அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி பிரிவில் வருமானத்திலிருந்து 50,000 வரை கழிக்கலாம். அத்தைக்கு அதுவும் இல்லை. சட்டத்தில் பெற்றோர் உண்டு, அத்தை கிடையாது. புதிய முறையில் இரண்டு பேருக்குமே இல்லை. எங்கள் ரேஷன் கார்டில் மட்டும் மூன்றாவது பெயராக அத்தை இருக்கிறார்.

1955-ல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் போட்ட பட்ஜெட்டில் கல்யாணமானவருக்கு 2,000 ரூபாய் வரை வரி இல்லை, ஆகாதவருக்கு 1,000 வரைதான். தங்கைகளைக் கரையேற்றுவதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்கள் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மறுபடி அப்படி ஒரு கோடு போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

எதிர் வீட்டு அண்ணன் எம்.பி.க்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். “கல்யாணமானவர்கள்னு இருக்கற இடத்துல, சம்பாதிக்கறவரை நம்பி வீட்டுல இருக்கறவங்கன்னு மாத்துங்கண்ணா, நானும் கையெழுத்துப் போடறேன்” என்றேன். அண்ணியிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.