தடைக்காலம் முடிந்த பிறகு

ஜூன் 12
தூத்துக்குடியில் மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகள் கரையில் நின்றதிலிருந்து எங்கள் தெருவில் மீன் குறைவு. நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஜூன் 14-க்குப் பிறகு சாளையும் சூரையும் கூடை கூடையாக வரும். ஊருக்கே சந்தோஷம். எங்கள் வீட்டில் மட்டும் இந்த வருஷம் அதற்கு முன்னேற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

எட்டு வயது மகளுக்கு மீன் ஒவ்வாமை என்று மார்ச்சில் உறுதியானது. பாறை மீன் குழம்பு சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சிரைத்தது. பிறகு தோலில் மருந்துத் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை, ரத்தச் சோதனை இரண்டும் செய்தார்கள். பால், முட்டை ஒவ்வாமை வளர வளரப் பல பிள்ளைகளுக்குப் போய்விடுமாம். மீன் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை என்றார் டாக்டர்.

ஜூன் 16
அத்தை கேட்டார்: "நல்லா மொறுமொறுன்னு பொரிச்சா அதுல என்னம்மா இருக்கப் போவுது?"

நியாயமான கேள்விதான். ஆனால் மீன் தசையில் உள்ள பார்வால்புமின் என்ற புரதம் சூட்டுக்கு அசையாது. கொதித்தாலும் பொரித்தாலும் கருவாடாகக் காய்ந்தாலும் ஒவ்வாமையைக் கிளப்பும். மீனுக்கு மீன் அந்தப் புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், பாறை ஆகாத பலருக்குச் சீலா மீனும் விளைமீனும் ஆகாது. சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்களில் மட்டும் அது கொஞ்சம் வேறு வகை, அதனால் சிலருக்கு அவை ஒத்துக்கொள்வது உண்டு.

இதைச் சொன்னதும் அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பிள்ளைக்குச் சுறாப்புட்டு குடுக்கலாம்லா?"

வீட்டில் வைத்துக் கொடுத்துப் பார்க்கவே கூடாது என்றேன். ஆஸ்பத்திரியில், மருந்து பக்கத்தில் இருக்க, துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டிய காரியம் அது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பேத்திக்குத் தன் கையால் ஊட்ட முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்கு. எனக்கும் அது புரியாமல் இல்லை.

மாமாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு பின்கட்டு அடுப்பில், தனி மண்சட்டி, தனிக் கரண்டியில் சமைப்பது என்று முடிவு. மீன் வேகும் ஆவிகூடச் சிலருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

ஜூன் 19
இறால் வேறு கணக்கு. அதில் ஒவ்வாமை தரும் புரதம் ட்ரோபோமயோசின். சோதனையில் இறால் பிரச்சினை இல்லை என்று வந்தது, டாக்டரும் சாப்பிடலாம் என்றுவிட்டார். சிக்கல் சந்தையில்தான். மீன் வெட்டிய அதே பலகை, அதே கத்தி, அதே ஐஸ். வழக்கமாக வாங்கும் அக்கா எங்களுக்காக இறாலைத் தனியாக எடுத்து வைக்கிறார். தோலோடு வாங்கி, நன்றாகக் கழுவி, வீட்டிலேயே உரிக்கிறேன்.

ஜூன் 24
பிள்ளைக்கு ஒவ்வாமை கடுமையாக வந்தால் போட வேண்டிய ஊசியை இன்று அவரும் நானும் போட்டுப் பழகினோம். வெளிநாடுகளில் பேனா மாதிரி அழுத்தினால் போதும் என்ற ஊசி இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது அட்ரினலின் மருந்து அடைத்த ஆம்பூலும் (சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும். 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 22 கிலோ பிள்ளைக்கு 0.22 மில்லிலிட்டர் என்று டாக்டரே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல்களை வாங்கி உடைத்துப் பழகினோம். கழுத்தைப் பஞ்சால் சுற்றி, வெளிப்பக்கமாக ஒரே அழுத்து. காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு அளவைப் பார்க்க வேண்டும். அவர் கை நடுங்கியது. நடுக்கம் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன்.

எல்லாரும் மனதில் வைக்க வேண்டியது இது: அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைக்கிற மூச்சைத் திறக்காது. மூச்சிரைப்போ மயக்கமோ வந்தால் முதலில் அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அப்புறம் 108. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடக்கூடாது. சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்ப வருவதுண்டு.

ஜூலை 3
கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு போத்தல் சீனிச்சம்பல் கொடுத்தார்கள். பார்த்தால் வெங்காயமும் மிளகாயும்தான். கேட்டேன்; மாசி போட்டதாம். மாசி என்பது சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது, இடித்துத் தூவினால் கண்ணுக்கே தெரியாது. கடைப் பாக்கெட்டில் மீன் சேர்த்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. வீட்டுப் போத்தலுக்கு ஏது லேபிள்? வாய்விட்டுக் கேட்பதுதான் வழி.

ஜூலை 14
எதிர்வீட்டில் சூரைக் குழம்பு சாப்பிட்ட எல்லாருக்கும் முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. "எங்களுக்கும் அலர்ஜி வந்துட்டு" என்று பதறி வந்தார்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்றால் முதலில் மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும். சூரை, அயிலை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பையும் சிவப்பையும் கிளப்பும் பொருள் ஊறிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. டாக்டரும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார். இனி மீனே தொடக்கூடாதோ என்று பயந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஜூலை 28
பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் போனோம். வழியில் ஒரு கடையில் சிக்கன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மகளே கேட்டாள்: "அண்ணே, இந்த எண்ணெயில மீன் பொரிச்சீங்களா?" காலையில் பொரித்ததாகச் சொன்னார். "அப்ப வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டுப் பலூன் கடைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஊசிப்பை என் தோளில் இருந்தது. அடுத்த முறை அதிலுள்ள ஆம்பூலின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வெயிலில் அலையும் மருந்து.