கிளப் மூழ்கிய பிறகு ஆர்.பி.1: இங்கிலாந்தில் ரிடண்டன்சி பணம் வாங்கப் பட்ட பாடு

நாங்கள் வேலை பார்த்த கால்பந்து கிளப் நொடித்து வேலை போனதும், முதலாளிக்குப் பதிலாக அரசு நிதி தரும் ரிடண்டன்சி பணத்தை (ஆட்குறைப்புக்கான ஈட்டுத்தொகை) ஆர்.பி.1 என்ற படிவத்தில் கேட்டோம். எங்களில் பலருடைய முதல் விண்ணப்பம் கிடப்பில் போனதற்குக் காரணம் ஒரே ஒரு பெயர். ஜெர்சியிலும் மைதான வாசலிலும் இருக்கும் கிளப் பெயரையே "முதலாளி" என்ற கட்டத்தில் எழுதிவிட்டார்கள். கால்பந்து கிளப் என்பது வெளியில்தான் ஒன்று. உள்ளே அணிக்கு ஒரு கம்பெனி, மைதானத்துக்கு ஒன்று, சமூகப் பணிக்குத் தனி அறக்கட்டளை என்று பிரிந்து கிடக்கும். இதில் எது அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனதோ (அதாவது நொடித்துப்போய் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற வெளி நிர்வாகியின் கைக்குப் போனதோ) அதற்கு மட்டுமே சி.என். என்று தொடங்கும் வழக்கு எண் தருவார்கள். மைதானக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர் அணிக் கம்பெனியின் எண்ணைப் போட்டால், அட்மினிஸ்ட்ரேட்டர் அனுப்பிய பட்டியலில் அவர் பெயர் இருக்காது. விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். அறக்கட்டளை ஊழியர்கள் பலருக்கு வேலையே போகவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உணவுக் கடை ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களுக்கும், ஏஜென்சி வழியாக வந்த ஸ்டீவர்டுகளுக்கும் (மைதானத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர்கள்) இந்த வழியே கிடையாது. அவர்களுடைய முதலாளி இன்னும் உயிரோடு இருக்கிறார்.

ஆனால் அந்தச் சம்பளச் சீட்டு எங்கே? ஆன்லைனில், அலுவலக மின்னஞ்சல் வைத்துத் திறக்கும் தளத்தில். வேலை போன அறிவிப்பு காலையில், மின்னஞ்சல் முடக்கம் மதியம். அறிவிப்பைக் கேட்டதும் அழுதவர்கள், திட்டியவர்கள், மைதானத்தைக் கடைசியாக ஒரு சுற்று சுற்றி வந்தவர்கள் எல்லோரும் பிறகு சீட்டுக்காக அலைந்தார்கள். உங்கள் கிளப்பில் சம்பளம் ஒரு முறை தாமதமானாலே போதும்: கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, பி60 (ஆண்டுச் சம்பள, வரிச் சான்று), பணி ஒப்பந்தம், விடுப்புக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். மேட்ச் நாள் ஊழியர்கள் ரோஸ்டரையும் (எந்த நாள் யாருக்கு வேலை என்ற பட்டியல்) சேர்த்து.

ஏன் இத்தனை அவசரமாக வெட்டுகிறார்கள் என்று பலர் கேட்டார்கள். 14 நாள் கணக்கு அது. அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பேற்று 14 நாளுக்குப் பிறகும் ஒருவரை வேலையில் வைத்திருந்தால், அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். அதன்பின் அவருடைய சம்பளம் அட்மினிஸ்ட்ரேட்டரின் கட்டணத்துக்கும் முன்னால் நிற்கும். அதனால் பெரிய வெட்டு அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே விழும். போர்ட்ஸ்மத் 2010 பிப்ரவரி 26-ல் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. மார்ச் 10-ல் 85 பேரை அனுப்பினார்கள். விகன் அத்லெட்டிக் 2020 ஜூலை 1-ல் விழுந்தது. அதே மாதத்தில் 75 பேர். "முதல் வாரம் கடந்துவிட்டது, தப்பித்தோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரியான வழக்கு எண் கையில் இருந்தால் ஆர்.பி.1 படிவத்தை ஆன்லைனில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். சறுக்குவது "வாரச் சம்பளம்" கேட்கும் இடத்தில். வங்கியில் விழுந்த தொகையை நான்கால் வகுத்துப் போட்டவர்கள் அதிகம். இரண்டு தப்பு: பிடித்தத்துக்கு முந்தைய தொகை வேண்டும், மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 2,400 பவுண்ட் என்றால் வாரத்துக்கு 553.85. அட்மினிஸ்ட்ரேட்டர் தன் பக்கத்திலிருந்து ஆர்.பி.14ஏ என்ற பட்டியலில் அனுப்பும் எண்ணோடு இது ஒட்டாவிட்டால் கேள்விக் கடிதம் வரும், வாரங்கள் ஓடும்.

கணக்கு இப்படி. 22 வயதுக்குக் கீழே வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் அரை வாரம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41 முதல் ஒன்றரை வாரம். 46 வயது முடிந்த, 9 ஆண்டு வேலை பார்த்த புல்தரைப் பராமரிப்பாளருக்கு 41-க்குப் பிறகு 5 ஆண்டு, அதற்கு முன் 4 ஆண்டு. மொத்தம் 11.5 வாரம். மேலே சொன்ன சம்பளத்தில் ஏறத்தாழ 6,369 பவுண்ட், வரி இல்லை. வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரை வேலை இழந்தவர்களுக்கு அது 719 பவுண்ட். ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், அதனால் வேலை போன தேதியில் இருந்த வரம்பைப் பாருங்கள். இரண்டு ஆண்டு முடியாதவருக்கு ரிடண்டன்சி தொகை கிடையாது. ஆனால் சம்பள பாக்கி, விடுப்புப் பணம், நோட்டீஸ் பணம் (முன்னறிவிப்புக் காலம் தராமல் அனுப்பியதற்கான பணம்) உண்டு. இது தெரியாமல் இளைஞர்கள் சிலர் படிவமே போடவில்லை.

மேட்ச் நாள் ஊழியர்களோடுதான் பெரிய இழுபறி. மே முதல் ஆகஸ்ட் வரை ஆட்டம் இல்லை, வேலையும் இல்லை. "இடைவெளி இருக்கிறது, வேலைத் தொடர்ச்சி அறுந்துவிட்டது" என்று பணம் தரும் அரசு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வேலையே இல்லாத தற்காலிக நிறுத்தம் தொடர்ச்சியை அறுக்காது. 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 212-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஒவ்வொரு சீசனும் அதே கிளப் திரும்பக் கூப்பிட்டதற்கான மின்னஞ்சல்களை வைத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு இறங்கி வந்தார்கள். மணிக்கணக்கு மாறுபவர்களுக்குக் கடைசி 12 வாரச் சராசரி எடுப்பார்கள். சம்பளமே இல்லாத வாரத்தைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். கோடை வாரங்களைப் பூஜ்யமாகச் சேர்த்திருந்தால் சண்டை போடுங்கள்.

நோட்டீஸ் பணம் ஆர்.பி.1-ல் வராது. நோட்டீஸ் காலம் கழிந்த பிறகு ஆர்.பி.2 தனியாகப் போட வேண்டும். இடையில் புது வேலையில் வாங்கியதைக் கழிப்பார்கள். அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையையும் கழிப்பார்கள், தகுதி இருந்தும் கௌரவம் பார்த்து வாங்காமல் இருந்தாலும் கழிக்க வாய்ப்புண்டு. ஆகவே வேலை போன மறுநாளே உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள்.

இன்னும் வயிறு எரிவது "கால்பந்துக் கடன் கொடுத்தோர்" விதியில். லீக்கில் நீடிக்க வேண்டுமானால் வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுதாகத் தீர்க்க வேண்டும். முழுநேர ஊழியர்களின் சம்பள பாக்கியும் அந்த வரிசையில் வரும், ஆனால் ரிடண்டன்சி தொகை வராது. பகுதிநேர டிக்கெட் கவுன்டர் ஆளுக்கு அந்தக் கதவே இல்லை. மைதானத்துக்கு இறைச்சி கொடுத்த கடைக்காரருக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் கூட இல்லை. வரித்துறையே இதை எதிர்த்து 2012-ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றுப் போனது, நாம் எம்மாத்திரம்.

ஒரே இடத்தில் 20 பேரோ அதற்கு மேலோ வெட்டினால் குறைந்தது 30 நாள், 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாள் முன்பே கலந்தாலோசிக்க வேண்டும். எங்களிடம் காலையில் ஒரு கூட்டம், அவ்வளவுதான். இதற்கான நஷ்டஈடு தொழில் தீர்ப்பாயத்தில் கிடைக்கும்; ஆனால் தொழிற்சங்க அங்கீகாரம் இல்லாத இடத்தில், வழக்கில் பெயர் சேர்த்தவருக்கு மட்டுமே கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைக்காரர் ஜெயித்தால் நமக்கும் வரும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. முதலில் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் அமைப்பில் பதிய வேண்டும். கம்பெனி அட்மினிஸ்ட்ரேஷனில் இருப்பதால் வழக்கு நடத்த அட்மினிஸ்ட்ரேட்டரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும்; இரண்டு வரி மின்னஞ்சலில் கேட்டோம், தந்துவிட்டார்கள். சம்பள பாக்கிக்கு அரசு நிதி தருவது அதிகபட்சம் 8 வாரம்; அங்கிருந்து வரும் இந்த நஷ்டஈடும் அதே வரம்புக்குள் அடங்கும். சம்பள பாக்கிக்கே 5 வாரம் வாங்கியிருந்தால் மிச்சம் 3 வாரம்தான்.

சம்பளம் தாமதமாகும் கிளப்பில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒன்று. கோபத்தில் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். எங்களிடம் மூன்று பேர் கொடுத்தார்கள், அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் பத்து நாள் முன்பு. பாக்கிச் சம்பளம் கேட்க முடிந்தது. ரிடண்டன்சி போனது போனதுதான்.

பென்ஷன் கணக்கையும் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பங்கு நான்கு மாதமாகப் போய்ச் சேரவே இல்லை. அதை ஊழியர் நேரடியாகக் கேட்க முடியாது, அட்மினிஸ்ட்ரேட்டர்தான் அரசு நிதியில் கோர வேண்டும். மூன்று முறை நினைவூட்டினோம். கடைசியில் பணம் கணக்கில் ஏறியது.