கீழைக் கோபுரத்துப் பச்சையப்பரும் அப்பாவின் மகமைக் கணக்கும்

இவ்வாண்டு பங்குனியில் அப்பாவின் முதல் திதி முடிந்த மறுநாள் அக்காவும் நானும் சிதம்பரம் சென்றோம். விழுப்புரத்தில் நாற்பது ஆண்டுகள் மளிகை மொத்த வியாபாரம் செய்த அப்பா, ஒவ்வொரு நாளும் கல்லாவை எண்ணி முடித்ததும் முதலில் ஒரு தொகையை எடுத்து வைத்து, பிள்ளையார் சுழி இட்ட நீள நோட்டில் "மகமை" என்று, அதாவது தர்மத்துக்கு ஒதுக்கிய பணம் என்று, எழுதிய பிறகே வீட்டுச் செலவுக்குப் பணம் தொடுவார். அவர் காலமான அன்று அந்தக் கணக்கில் 2,140 ரூபாய் செலவாகாமல் நின்றிருந்தது. அதை எங்கே சேர்ப்பது என்று ஓராண்டாக யோசித்த அக்கா, "தில்லைக்கே கொண்டு போவோம், பச்சையப்பர் நிற்கிற இடத்துக்கு" என்று சொன்னபோது, அப்பாவே வழி சொன்னதுபோல் எனக்குத் தோன்றியது. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர் அவர். தாம் படித்த படிப்பு பச்சையப்ப முதலியார் என்ற வியாபாரி விட்டுச்சென்ற தர்மம் என்பதை எங்களிடம் சொல்லாமல் எந்தப் பயணத்தையும் முடித்ததில்லை.

கீழச் சன்னிதித் தெரு வழியாக நடந்து ஏழு நிலைக் கிழக்குக் கோபுரத்தின் கீழே நின்றோம். பெரும்பாலோர் கூத்தப்பெருமானைக் காணும் வேகத்தில் இந்த வாயிலைக் கடந்து போய்விடுகிறார்கள். அவ்வாறு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாயிலின் இருபுறமும் நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்கள் சதுரச் சதுரமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்கின்றன. அவற்றோடு நாட்டிய சாத்திரச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஒரு கால் மடிந்து, மறு கால் தோளுக்கு மேல் எழும் ஒரு பெண்ணின் உருவத்தருகே அக்கா வெகுநேரம் நின்றாள். பல தலைமுறைக் கைகள் பட்டு அந்தக் கல்லின் முழங்கால் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. இதே கோபுரத்தில்தான் பச்சையப்ப முதலியாரின் உருவமும் அவர் மனைவி ஐயாளம்மாளின் உருவமும் இடம்பெற்றுள்ளன.

1754-இல் பிறந்த பச்சையப்பர் தந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை விசுவநாத முதலியார் இறந்துவிட, தாய் பூச்சியம்மாள் பெண் குழந்தைகளோடும் வயிற்றில் இருந்த பிள்ளையோடும் பெரியபாளையத்தில் ஆதரவு தேடி வாழ்ந்தார். பின்னர் சென்னையில் பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி அந்தக் குடும்பத்தைத் தாங்கினார். கம்பெனி வெள்ளையருக்கும் நம் வணிகருக்கும் இடையே மொழியும் கணக்கும் தெரிந்து நின்ற தரகர்களே துபாஷிகள். பச்சையப்பர் அந்தத் தொழிலை நாராயண பிள்ளையிடமே கற்றுக்கொண்டு, செங்கற்பட்டுப் பகுதியின் வரிக் குத்தகையிலும் தஞ்சை அரண்மனைக் கொடுக்கல் வாங்கலிலும் பெரும்பொருள் ஈட்டினார். தமக்கை சுப்பம்மாளின் மகளான ஐயாளம்மாளையே மணந்தார்; ஆகவே அந்தத் தமக்கை அவருக்கு மாமியாரும் ஆனார். கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த நாளில் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வணங்கினார் என்று சென்னைப் பழையவர்கள் சொல்வார்கள். இன்றைய கூவத்தைப் பார்த்தவர்களுக்கு அதை நினைத்தாலே நெஞ்சு கனக்கும். காஞ்சி ஏகாம்பரநாதரிடம் அவருக்கு இருந்த பற்றை, அக்கோயில் தூண் ஒன்றில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவர் சிற்பம் இன்றும் காட்டுகிறது.

பொருள் சேர்த்த எத்தனையோ துபாஷிகளின் பெயர்கள் தெருப்பெயர்களாக மட்டும் எஞ்சியிருக்க, இவர் பெயர் வழிபாட்டிலும் கல்வியிலும் நிலைத்ததற்குக் காரணம் அவர் எழுதிய உயிலே என்பது என் எண்ணம். 1794 மார்ச் 31 அன்று காவிரிக் கரையில் திருவையாற்றில் அவர் உயிர் பிரிந்தது; வயது நாற்பது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு தம் செல்வத்தைச் சிவதர்மங்களுக்கென்று எழுதி வைத்துவிட்டார். அவருக்குப் பின் குடும்பத்தில் வழக்குகள் எழுந்தன, பணம் நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் கிடந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அப்படிக் கிடந்த காலத்தில் சேர்ந்த வட்டிதான் கோயில் கட்டளைகளுக்குப் போக மீதம் நின்று, 1842-இல் சென்னையில் பள்ளியாகத் தொடங்கிப் பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே படித்த விழுப்புரத்துப் பையன் ஒருவன் எங்கள் அப்பா ஆனார்.

தில்லைக் கிழக்குக் கோபுரத் திருப்பணி மட்டும் பச்சையப்பர் கண்மூடும்போது நிறைவேறாமல் நின்றது. அதை முடித்தவர் சுப்பம்மாள். தகப்பனில்லாமல் பிறந்த தம்பியை இடுப்பில் சுமந்திருக்கக்கூடிய தமக்கை, தன் மகளின் கணவனும் ஆன அந்தத் தம்பியை இழந்த துயரத்தோடு, அவன் விட்ட இடத்திலிருந்து கல்லும் சுதையும் ஏற்றிக் கோபுரத்தை நிமிர்த்திய காட்சியை எண்ணியபடி நான் அண்ணாந்து பார்த்தேன். அருகில் நின்ற அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையில் சிவகங்கைத் தீர்த்தத்தில் கால் நனைத்துச் சிற்றம்பலத்தை அடைந்தோம். திரை விலகியபோது சிதம்பர ரகசியத்தின் பொன் வில்வ மாலை ஒரு கணம் ஒளிர்ந்து மறைந்தது. தூக்கிய திருவடியைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பாவின் பெயரை மட்டும் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். கோவிந்தராஜப் பெருமாளையும் சிவகாமியம்மையையும் சேவித்துவிட்டு, எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பூசை செய்துவரும் தீட்சிதரைச் சந்தித்தோம். மகமைப் பணத்தை அர்த்தஜாம நைவேத்தியத்துக்கு வைத்துக்கொள்ளுமாறு அக்கா சொன்னாள். "யார் பெயரில் சங்கல்பம் செய்யட்டும்?" என்று அவர் கேட்டார். காலமானவர் பெயரில் அர்ச்சனை ஆகாது என்பதால் அக்கா சிறிது தயங்கி, "கடையின் பெயரில்" என்றாள். அவர் சிரித்துத் தலையசைத்தார்.

அர்த்தஜாமம் முடிந்து இறைவன் பள்ளியறைக்கு எழுந்தருளிய பின், தொன்னையில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் கிடைத்தன. கோபுர வாயிலின் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, அக்கா பையிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே, "தில்லை நடராசர் நைவேத்தியம் 2,140. இருப்பு இல்லை" என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு இழுத்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி, புதிய தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி இட்டு, "மகமை" என்று எழுதிவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள்.