காட்டை வெட்டினால் கொசு ஒழியுமா?

மலேசியாவில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒருவருக்கு டிங்கி என்று தெரிந்தால் போதும், வாட்ஸ்அப் குழுவில் முதல் குரல் இப்படித்தான் வரும்: "பின்னால இருக்கிற புதரை வெட்டச் சொல்லுங்க." அடுத்தது, "புகை அடிக்கச் சொல்லுங்க." இரண்டாலும் கொசுவுக்குப் பெரிய நஷ்டமில்லை.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி வீட்டுக் கொசு. துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, வாசலில் பூ மிதக்கும் உருளி, ஐஸ்பெட்டியின் பின்பக்கத் தட்டு, யாரும் புழங்காத கழிவறையின் தண்ணீர்த் தொட்டி, இவைதான் அதன் ஊர். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. உருளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி நிரப்பினால், ஒட்டியிருந்த முட்டை நனைந்து பொரியும். பலர் தவறுவது இங்கேதான். பிரஷ் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாவதற்கு நம் வெயிலில் 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு முறை தேய்த்தால் போதும். கொட்ட முடியாத தொட்டிக்கு ஏபேட் என்ற புழுக்கொல்லி மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம். இன்று இருக்கும் தண்ணீரை அளக்காதீர்கள், நிரம்பினால் எவ்வளவு பிடிக்குமோ அதற்குக் கணக்குப் போடுங்கள்.

புகையில் சாவது அந்த நேரத்தில் பறக்கும் கொசு மட்டுமே. தண்ணீருக்குள் இருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் சில நாளில் சிறகு முளைத்து வெளியே வந்துவிடும்.

டிங்கியைப் பரப்பும் இன்னொரு கொசு புதர் பக்கமும் உண்டு, ஏடிஸ் அல்போபிக்டஸ். பகலில் இலை நிழலில் ஒதுங்கியிருக்கும். ஆனால் அது முட்டையிடத் தேடுவதும் தேங்கிய தண்ணீரைத்தான்: புதருக்குள் வீசிய டுரியான் தோல், தேங்காய்ச் சிரட்டை, சாப்பாடு வாங்கிய போலிஸ்டைரீன் பெட்டி. புதரை விட்டுவிட்டுக் குப்பையைப் பொறுக்கினால் பாதி வேலை முடிந்தது.

காட்டை வெட்டி நோயை விரட்டும் யோசனை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டிக் காட்டையும் அழித்தார். மலேரியா மடமடவென்று இறங்கியது. காரணம், அங்கே நோயைப் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழலான தேங்கு நீரில் வளரும் கொசு. பிறகு ரப்பருக்காக மலைப்பக்கம் தோட்டங்கள் வந்தன. அங்கேயும் அதே வைத்தியம் செய்தார்கள், மலேரியா ஏறியது! மலையோடைகளில் இருப்பது மகுலேட்டஸ் கொசு. அதற்கு வெயில் படும் தெளிந்த நீர்தான் பிடிக்கும். மரம் இருந்தவரை ஓடை நிழலில் கிடந்தது. வெட்டியதும் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலாயிற்று. காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மடிந்தது நம் தோட்டத் தொழிலாளர்கள். கடைசியில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

காடு நோயைத் தரும் என்பதும் தப்பு, பச்சையாக இருந்தால் நோய் அண்டாது என்பதும் தப்பு. எந்தக் கொசு, நிழல் நீரா வெயில் நீரா, பக்கத்தில் என்ன விலங்கு என்று கேட்டால்தான் பதில் வரும்.

நிப்பா வைரஸ் நோயையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை போனது. 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். உண்மையில் பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிப் பட்டிக்குள் விழுந்து, நோய் பன்றிக்கும் அதனிடமிருந்து மனிதருக்கும் வந்திருக்கிறது. பட்டிக்குப் பக்கத்திலேயே மாமரம் நின்றது. பழமரத்தையும் பட்டியையும் தள்ளி வைப்பதுதான் இதற்குச் சரியான மருந்து. வௌவாலைக் கொல்வது அல்ல. வௌவால் என்றாலே அடிக்கக் கிளம்புபவர்கள் பத்துமலைக் குகையில் தொங்கும் தேன் வௌவாலையும் நினைத்துக்கொள்ளட்டும். டுரியான் பூவுக்கும் பெத்தாய்ப் பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பது அது. அந்த மரங்கள் பூக்காத மாதங்களில் அது கடலோரச் சதுப்புக்காட்டுப் பூவைத் தேடிப் போகிறது.

இப்போதைய தலைவலி குரங்கு மலேரியா, அதாவது நோலெசி. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா மலேசியாவில் இல்லை. வால்நீளக் குரங்கிடமிருந்து கொசு வழியே வரும் நோலெசி மட்டும் நிற்கவில்லை, சபாவில் அதிகம். காட்டைத் துண்டு துண்டாக வெட்டும்போது குரங்கும் கொசுவும் மனிதனும் ஒரே ஓரத்தில் சந்திக்கிறார்கள். பூங்காவில் குரங்குக்கு ரொட்டி வீசுவது அந்தச் சந்திப்பை வீட்டு வாசலுக்கே இழுத்துவருகிறது.

நோலெசிக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. நுண்நோக்கியில் பார்த்தால் பிளாஸ்மோடியம் மலேரியே என்ற சாதுவான மலேரியாக் கிருமி போலவே தெரியும். மலையேறிவிட்டோ அருவியில் குளித்துவிட்டோ வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், கிளினிக்கில் டிங்கி சோதனையோடு நின்றுவிடாதீர்கள். "காட்டுப்பக்கம் போனேன், ஆற்றில் இறங்கினேன், கையில் வெட்டுக்காயம் இருந்தது" என்று கேட்காமலேயே சொல்லுங்கள். முதல் வார்த்தை மலேரியாவுக்கு ரத்தப் பூச்சு எடுக்க வைக்கும். மற்ற இரண்டும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலை டாக்டருக்கு ஞாபகப்படுத்தும்.