மதில் மேல் ஓணான்

கன்னங்குறிச்சி வீட்டு மதிலுக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் ஓர் ஓணான் வந்துவிடும். நேற்று பக்கத்திலேயே கட்டெறும்பு வரிசை போனது. நாலைந்தை நக்கியது. வெட்டுக்கிளி ஒன்று குதித்ததும் எறும்பை மறந்து பாய்ந்தது. வாய்க்கு வெளியே கால்கள் உதற, மென்று மென்று விழுங்கியது. என் காபி ஆறிப்போனது.

ஆஸ்திரேலியப் பாலைவனத்து முள் ஓணானும் இதே குடும்பம்தான். ஆனால் அதற்கு எறும்பைத் தவிர வேறெதுவும் ஆகாது. ஒவ்வொன்றாக நக்கி, ஒரே வேளையில் நூற்றுக்கணக்கில் தின்னும்.

அமெரிக்காவின் கொம்பு ஓணான்கள் வேறு குடும்பம். அங்கே டெக்சஸ் இனம் விதை சேர்க்கும் எறும்புகளைத் தேடித் தின்னும். அவற்றின் கொடுக்கு பொல்லாதது. அதனால் மெல்லாமல், சளியில் சுற்றி முழுசாக விழுங்கிவிடும். மலைப்பக்கம் வாழும் குட்டைக்கொம்பு இனமோ வண்டு, வெட்டுக்கிளி என்று கிடைத்ததையும் சேர்த்துக்கொள்ளும். எறும்பில் செரிக்காத ஓடு நிறைய, சத்து குறைவு. நிறையத் தின்ன வேண்டும், பெரிய வயிறு வேண்டும். கொம்பு ஓணான்களின் தோசைபோலத் தட்டையான உடம்புக்குக் காரணம் இதுதான். அப்படிப்பட்ட உடம்போடு ஓட முடியுமா? கொம்பும் முள்ளும்தான் காவல்.

ஏற்காடு போகும் வழியில் பாறை ஓணானைப் பார்த்தால், அது என்ன தின்கிறது என்று வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் திட்டுவார்கள், சரி.