பிளாங்க்

“பிளாங்க்... பிளாங்க்... பிளாங்க்.”

இன்று மாலை பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. பார்வையில்லாதவர், எம்.ஏ. தமிழ் படிக்கிறார்.

ஓர் இணைய நூலகத்திலிருந்து இறக்கிய 300 பக்கப் புத்தகம். என் கண்ணுக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கு எல்லாமே வெறும் போட்டோ.

“உள்ளே எழுத்து இருக்கா தம்பி?”

இருக்கு என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

சரி, படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டுப் பார்ப்போம் என்றேன். ‘பாடம்’ ‘பரடம்’ ஆனது. துணைக்கால் பாதிக்கு மேல் ‘ர’ ஆகிவிட்டது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு வேறு. துதிக்கை போல் சுழித்த பழைய ‘லை’, ‘னை’ வந்த இடமெல்லாம் குப்பை. அப்படியும் அக்கா ஒரு பக்கத்தை முழுக்கக் கேட்டார், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் ஊகித்து.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்ற 2012 பதிப்புரிமைத் திருத்தமே வழிவிட்டது. இதற்காகவே உலக நாடுகள் செய்துகொண்ட மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலில் ஒப்புதல் தந்ததும் இந்தியாதான்.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை அக்கா தங்குதடையின்றிக் கேட்கிறார். யாரோ உட்கார்ந்து எழுத்தெழுத்தாக அடித்தது! ஸ்கேன் செய்து ஏற்றியதும் வேலை முடிந்ததென்று நாம்தான் எழுந்துவிடுகிறோம்.

திங்கட்கிழமை அவருக்கு வகுப்பு. முதல் அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருக்கிறேன். 4 பக்கம் ஆயிற்று.