எந்த ஊசி நல்ல ஊசி?

2021 கோடையில் கொரோனா தடுப்பூசி போட எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பெரும்பாலானோர் கேட்டது ஒன்றுதான்: "சிஸ்டர், கோவிஷீல்டு நல்லதா, கோவாக்சின் நல்லதா?" எந்த ஊசி எவ்வளவு நோயைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்த சதவீதங்களை மார்க் ஷீட் போலச் சொல்வார்கள். ஃபைசர் 95, கோவாக்சின் 78. அந்த எண்கள் வந்த ஒவ்வொரு சோதனையும் வேறு நாட்டில், வேறு மாதத்தில், வேறு வகை வைரஸ் பரவிய நேரத்தில் நடந்தது. அந்த எண்களை அருகருகே வைத்து ரேங்க் போடக் கூடாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பேன்.

வித்தியாசம் எனக்குத் தெரிந்தது ஸ்டாக் பதிவேட்டில்தான். கோவாக்சின் பழைய வழி. கொரோனா வைரஸையே வளர்த்து, ரசாயனத்தால் செயலிழக்க வைத்து ஊசியாக்குவார்கள். போலியோ ஊசி மருந்தும் இப்படித்தான். ஆனால் உயிருள்ள கொரோனா வைரஸைப் பெரிய அளவில் வளர்க்க உயர் பாதுகாப்புக் கூடம் வேண்டும், அதை நினைத்தவுடன் கட்டிவிட முடியாது. கோவிஷீல்டிலோ கொரோனா வைரஸே கிடையாது. சிம்பன்சியிடம் காணப்படும் ஓர் அடினோவைரஸை, அதாவது சளி உண்டாக்கும் வகை வைரஸைப் பெருக முடியாதபடி மாற்றி, கொரோனா வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் (முள்புரதம்) மரபணுவை அதில் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் நிறையத் தயாரிக்க முடிந்தது, எங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் அதுதான்.

கோவாக்சின் தட்டுப்பாட்டின் பாரம் வரிசையில் நின்றவர்கள் தலையில் விழுந்தது. கோவாக்சின் முதல் டோஸ் போட்டவர்கள் 4 முதல் 6 வாரத்தில் திரும்பி வரவேண்டும். வந்தார்கள், மருந்து வரவில்லை. கையில் சீட்டோடு நின்ற பெரியவர்களிடம் "நாளைக்கு வாங்க ஐயா" என்று சொல்வது வேதனையாக இருந்தது. அதே மே மாதத்தில் கோவிஷீல்டின் இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள். இடைவெளி கூடினால் அந்த வகை ஊசிக்கு எதிர்ப்பாற்றல் நன்றாக வருகிறது என்பது காரணம். ஒரே வரிசையில் நின்ற இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு!

ஃபைசர் ஏன் இங்கே போடுவதில்லை என்றும் கேட்பார்கள். அது எம்.ஆர்.என்.ஏ ஊசி, அதாவது முள்புரதம் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குத் தரும் வகை. அதை நீண்ட நாள் வைத்திருக்க மைனஸ் 70 டிகிரி குளிர் வேண்டும். தடுப்பூசி வைக்கும் எங்கள் ஐ.எல்.ஆர் குளிர்பதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்கானது. காலையும் மாலையும் அதன் வெப்பநிலையை எழுதுவோம், கரண்ட் போனால் மனது பதறும். எங்கள் ஊருக்கு வந்து சேரக்கூடிய ஊசியைத்தான் நான் நல்ல ஊசி என்பேன்.

நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா சதவீதம் எதுவும் கேட்கவில்லை. "போட்டா நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா சிஸ்டர்?" என்றார். கோவிஷீல்டு போட்டால் மறுநாள் பலருக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், கோவாக்சினில் அது குறைவு. இதை ஒளிக்காமல் சொன்னேன். சனிக்கிழமை வந்து போட்டுக்கொண்டார்.

2022 மார்ச்சில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு கோர்பிவேக்ஸ் வந்தது. முள்புரதத்தின் ஒரு துண்டை மட்டும் ஈஸ்டில் வளர்த்து எடுத்த ஊசி. பிறந்த குழந்தைக்குப் போடுகிற ஹெபடைட்டிஸ் பி ஊசியும் ஈஸ்டில்தான் தயாராகிறது என்றதும் பல பெற்றோருக்குப் பயம் தெளிந்தது.